நண்டு வாத்தியார் தராத நட்சத்திரம்

நீடாமங்கலம்
கார்த்திகை 22, திங்கட்கிழமை

அன்பு மகள் செம்மொழிக்கு அப்பா எழுதிக்கொள்வது. இங்கே நான், உன் அம்மா, போன மாதம் ஈன்ற செவலைப் பசு, அதன் கன்று எல்லோரும் சுகம். வயலில் முழங்கால் மட்டும் நின்ற தண்ணீர் வடிந்துவிட்டது, ஆகவே சம்பாப் பயிரும் சுகம் என்றே வைத்துக்கொள். கடல் தாண்டி அந்த சம்போவாங்கா ஊரில் நீயும் மாப்பிள்ளை ரோடெலும் என் பேத்தி பொன்னியும் அதே போல இருப்பீர்கள் என்ற தைரியத்தில் எழுதுகிறேன். ஞாயிறுதோறும் போனில் முகம் பார்த்துப் பேசுகிறோமே, இந்த மனுஷனுக்கு எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் பேசும்போது உன் அம்மா என் தோள்மேல் தாடையை வைத்துக்கொண்டு என் பேச்சில் பாதியைத் தானே பேசிவிடுகிறாள், மீதிப் பாதியைத் தப்பு என்கிறாள். இந்தக் கடிதம் அவள் உனக்கு அனுப்புகிற வடகப் பொட்டலத்துக்கு அடியில் ஒளிந்துகொண்டு வருகிறது. அவளுக்குத் தெரியாது.

முதலில் என் மானம் போன கதையைச் சொல்லிவிடுகிறேன், வேறு யார் வாயாலாவது உனக்கு வந்து சேர்வதற்குள். ஐப்பசியில் குறுவை நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் கொட்டிக் காய வைத்துவிட்டு என் முறைக்காக உட்கார்ந்திருந்தேன். சும்மா உட்கார்ந்திருப்பானேன் என்று நீ பாடம் ஏற்றி அனுப்பிய டேப்லெட்டை எடுத்து மூட்டைமேல் சாய்ந்துகொண்டு படித்தேன். அதில் பாடம் நடத்துகிற அந்தப் பாழாய்ப்போன நண்டு இருக்கிறதே, சரியாகச் சொன்னால் மேளம் கொட்டி, கை தட்டி, ரொம்ப நல்லது என்பதற்கு பியென் புவேனோ பியென் புவேனோ என்று ஊரைக் கூட்டும் என்று எனக்கு எப்படித் தெரியும். களம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. முதுகில் மூட்டையோடு போய்க்கொண்டிருந்த நம்ம லோடுமேன் கண்ணுசாமி அப்படியே நின்று, என்ன மாமா ரம்மியா, ஜெயிச்சிட்டீங்க போலிருக்கேன்னான். இல்லடா படிக்கிறேன் என்றேன். என்ன படிக்கிறீங்கன்னான். சவக்கானோன்னு ஒரு பாஷைடா, பிலிப்பைன்ஸ்ல எங்க பேத்தி பேசுறது, இப்ப பழங்களோட பேரெல்லாம் படிக்கிறேன் என்றேன். மூட்டையை இறக்கி வைத்துவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தான். ரம்மின்னே சொல்லியிருக்கலாம்ல மாமா, அதை நம்பியிருப்பேன்ல என்றான்.

நான் வீட்டுக்கு வருவதற்குள் செய்தி வந்துவிட்டது. முருகையன் நெல்லுப் போட்ட இடத்திலேயே டேப்பில் சீட்டாடுகிறான் என்று. உன் அம்மா வாசலிலேயே டேப்பைப் பிடுங்கினாள். திறந்து பார்த்தால் நண்டு இரண்டு கொடுக்கையும் குவித்துக் கும்பிடுகிறது. இது ராணியா ஜோக்கரா, உண்மையைச் சொல்லுங்க என்றாள். அவளுக்கு விளக்கிச் சொல்லி முடிப்பதற்குள் சோறு ஆறிவிட்டது. அதற்குப் பிறகு அவள் பங்குக்குத் தெருவில் போய், எங்க வீட்டுக்காரரு அறுபத்திரண்டு வயசுல எல்.கே.ஜி. சேர்ந்திருக்காருன்னு சொல்லி வைக்க, இப்போது கண்ணுசாமி எனக்கு எல்.கே.ஜி. மாமா என்று பேர் வைத்திருக்கிறான். பத்தாவதில் கணக்கில் கோட்டை விட்டவனுக்கு இதுவாவது கிடைத்ததே என்று நானும் ஏற்றுக்கொண்டேன். லியாகத் அலி செல்போன் கடையில் காதில் மாட்டுகிற ஒயர் ஒன்று வாங்கினேன். அதனால் நண்டின் சத்தம் வெளியே கேட்காது, சரி. ஆனால் நான் பேசுவது எனக்கே கேட்காமல், மன்னார்குடி பஸ்ஸில் கொன் ஆம்ப்ரே யோ என்று கத்தியிருக்கிறேன். எனக்குப் பசிக்கிறது என்று அர்த்தம் என்பது பக்கத்து சீட்டுக்காரருக்கு எப்படித் தெரியும், எழுந்து முன்னால் போய் உட்கார்ந்துவிட்டார்.

உன் கம்ப்யூட்டர் பாடத்தைப் பற்றி என் அபிப்பிராயத்தைக் கேட்டிருந்தாய். சின்னப் பிள்ளைகளுக்கு நீங்கள் நாலு பேர் சேர்ந்து செய்ததை நான் குறை சொல்லக்கூடாது, ஆனாலும் நண்டை வாத்தியாராகப் போட்டது எந்த ஊர் நியாயம். நான் ஆயுசு முழுக்க வரப்பில் நண்டு வளையை அடைத்தவன். ராத்திரி அடைத்தால் விடிவதற்குள் வேறு இடத்தில் ஓட்டை போட்டு வயல் தண்ணீரை ஓடவிடுகிற ஜாதி அது. அதனிடம் போய்க் கைகட்டிப் பாடம் கேட்க வேண்டியிருக்கிறது, அதுவும் மாப்பிள்ளை குரலில். தப்புச் சொன்னால் மாப்பிள்ளை பொறுமையாக, இன்னொரு தரம் சொல்லுங்க என்கிறார். சரியாகச் சொன்னால் மாப்பிள்ளை எனக்குக் கை தட்டுகிறார், பாடம் முடிந்தால் ஒரு நட்சத்திரமும் தருகிறார். மருமகனை உட்கார வைத்து விருந்து போட்டு அதட்ட வேண்டிய மாமனார்கள் இருக்கிற ஊரில், மருமகனிடம் சபாஷ் வாங்குகிற மாமனார் நான் ஒருத்தன்தான். அவர் தொண்டை சில பாடத்தில் கரகரக்கிறது, மிளகைத் தட்டிப் பாலில் போட்டுக் கொடு.

பாஷை எனக்குப் பிடித்துவிட்டது, ஒளிக்காமல் சொல்கிறேன். நாலாவது பாடத்தில் நண்டு மூன்று படம் காட்டியது. கதிரில் இருந்தால் பாலாய், உமி போனால் அரோஸ், வெந்தால் கனோன். நமக்கு நெல், அரிசி, சோறு. இங்கிலீஷ்காரன் மூன்றையும் ஒரே பேரால் கூப்பிட்டுவிட்டுப் போகிறான், பசி தெரியாதவன். இவர்கள் வயலில் இறங்கியவர்கள் என்று அன்றைக்கே முடிவு பண்ணிவிட்டேன். ஸ்பெயின்காரன் அந்த ஊரில் கோட்டை கட்டி உட்கார்ந்தான், அவன் வார்த்தையும் ஊர்க்காரர்கள் வார்த்தையும் கலந்து இந்தப் பாஷை வந்தது என்று நீ சொன்னாயே, அதை உன் அம்மாவிடம் சொன்னேன். தரங்கம்பாடியிலும்தான் டேனிஷ்காரன் கோட்டை கட்டினான், நமக்கு என்ன கொடுத்துட்டுப் போனான், சுத்திப் பாக்க ஒரு கட்டடம்தானே என்றாள். அவள் டேப்பைத் தொடவே மாட்டேன் என்கிறாள், ஆனால் நான் கத்துவதைக் கேட்டே என்னைவிட அதிகம் கற்றுக்கொண்டுவிட்டாள். சாப்பிடும்போது அகுவா வேணுமா என்கிறாள். நான் சோற்றைப் பிசைந்துகொண்டே யோசித்தால், தண்ணிங்க, இதுகூடத் தெரியாமலா நட்சத்திரம் வாங்குறீங்க என்கிறாள். பொன்னி வரட்டும், நம்ம பாஷையைக் கத்துக்கிட்டு வரட்டும் என்று முதலில் சொன்னவளும் அவள்தான். நாலு வயசுப் பிள்ளை கத்துக்கணும், அறுபது வயசுக் கழுதை ரெண்டும் சும்மா உட்கார்ந்திருக்கணுமா என்று நான் கேட்டதிலிருந்து அந்தப் பேச்சை எடுப்பதில்லை.

எண்ணுகிற பாடத்தில் நான் பட்ட பாட்டை நீ மாப்பிள்ளைக்கு விவரமாகச் சொன்னாயா இல்லையா தெரியாது, சொல்லாவிட்டால் இப்போது சொல். கூடையில் அஞ்சு மீன், ஒவ்வொன்றாகத் தொட்டு வாய்விட்டு எண்ண வேண்டும். நான் தொட்டேன், லாபம், தோஸ், த்ரெஸ் என்றேன். நண்டு தலையை ஆட்டியது. மறுபடி லாபம். மறுபடி தலையாட்டல். பதினொரு தரம். என் வாயில் என்ன கோளாறு என்று எனக்கே விளங்கவில்லை. நெல் அளக்கும்போது முதல் மரக்காலை ஒண்ணு என்று யாரும் சொல்வதில்லை, லாபம் என்று சொல்லித்தான் தொடங்குகிறோம், அடுத்ததுதான் ரெண்டு. உன் தாத்தா பண்ணையில் கூலி நெல்லுக்குத் துண்டை விரித்துக்கொண்டு நிற்கும்போது பக்கத்தில் நின்று நான் கேட்டு வளர்ந்த எண்ணிக்கை அது. அளந்தவர் வாயில்தான் லாபம், உன் தாத்தா துண்டில் ஒருநாளும் இல்லை. இன்றைக்கு நம்முடைய ஆறு மா நிலத்து விதைநெல்லை நானே அளக்கும்போது அந்த முதல் வார்த்தையைக் கொஞ்சம் சத்தமாகத்தான் சொல்கிறேன், அதில் ஒரு திமிர் உண்டு. அந்தத் திமிர் மீனை எண்ணும்போதும் வந்துவிட்டது. கடைசியில் வாயைக் கையால் பொத்தி, மனசுக்குள் லாபம் என்று சொல்லிவிட்டு வெளியே உனோ என்றேன். நட்சத்திரம் விழுந்தது.

பிள்ளைகள் பேசுகிற குரலெல்லாம் உங்கள் ஆபீசுக்கு வந்து சேரும், அதைக் கேட்டுத்தான் பாடத்தைத் திருத்துவீர்கள் என்று நீ எனக்கு முன்னாலேயே சொல்லியிருக்கக் கூடாதா. கட்டைக் குரலில் ஒரு குழந்தை பதினொரு தரம் லாபம் லாபம் என்று அடம் பிடித்ததை அத்தனை வாத்தியாரம்மாக்களும் கேட்டார்களாமே. போகட்டும். ஆனால் அதை நீ வீட்டில் போட்டுக் காட்டியதில் பொன்னி பிடித்துக்கொண்டு, பாலர் பள்ளியில் லாபம், தோஸ், த்ரெஸ் என்று எண்ணுகிறாள், என்னை லாபம் தாத்தா என்கிறாள் என்று நீ சொன்னாயே, அன்றைக்கு நான் தெருவில் நடந்ததை நீ பார்த்திருக்க வேண்டும். கண்ணுசாமியைத் தேடிப்போய்ச் சொன்னேன். எங்கேயோ ஒரு சமுத்திரத்துக்கு அந்தாண்ட நாலு வயசுப் பிள்ளை நம்ம கணக்கில் எண்ணுதுடா என்று. எல்.கே.ஜி. மாமா பிரமோஷன் வாங்கிட்டாருன்னான்.

சரி, இனிமேல்தான் விஷயம். தை பிறந்ததும் உனக்குப் பெங்களூரில் ஆறு வாரம் பயிற்சி என்றாய். மாப்பிள்ளைக்குப் பள்ளிக்கூடம், வர முடியாது. பொன்னியைக் கூட்டிவந்து அந்த ஆறு வாரமும் எங்களிடம் விடுவதா, அங்கேயே மாப்பிள்ளையிடம் விட்டுவிட்டு நீ மட்டும் வருவதா என்று யோசிக்கிறேன்பா என்றாய். யோசிக்கிறேன் என்று நீ இழுத்த இழுப்பு எனக்குப் புரியாமல் இல்லை. போன பொங்கலுக்கு வந்தபோது பொன்னியை எங்களிடம் விட்டுவிட்டு நீ சென்னைக்குப் பாஸ்போர்ட் வேலையாகப் போன அந்த மூன்று நாளை நீயும் மறக்கவில்லை, நாங்களும் மறக்கவில்லை. பிள்ளை அழுதது, அம்மாவைத் தேடுகிறது என்று நினைத்தோம். உன் அம்மா சுற்றிப்போட்டாள், நான் பலூன் வாங்கி வந்தேன், ஆட்டுக்குட்டியைக் காட்டினேன். மூன்றாம் நாள் காலையில் தலையணையில் சீழ். காதுச் சவ்வு கிழிந்திருக்கிறது, இரண்டு நாள் முன்னாலேயே வந்திருந்தால் இவ்வளவுக்கு வந்திருக்காது என்றார் தஞ்சாவூர் டாக்டர். நீ ஓடி வந்து, அவ எதுவுமே சொல்லலையாப்பா என்று கேட்டாய். இல்லையேம்மா, சும்மாதான் அழுதுச்சு என்றேன். நாலு மாதம் மருந்து விட்டாய், இப்போது நன்றாகக் கேட்கிறது என்கிறாய். நீ எங்களை ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. பேசியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

அதனால்தான் சொல்கிறேன், இந்தத் தடவை பிள்ளையை நம்பி விடு. இது கெஞ்சல் இல்லை, மார்க் காட்டிக் கேட்கிறேன். எனக்கு இருநூற்றுப் பன்னிரண்டு வார்த்தை தெரியும். பசிக்கிறது, தாகம், பயமாயிருக்கிறது, ஒண்ணுக்கு வருகிறது, அம்மா எப்போ வருவா, எல்லாம் தெரியும். அவள் கேட்பது புரியும், பதில் சொல்லவும் வரும். நோ மாஸ் யொரா, அழாதே என்று சொல்லும்போது என் குரல் நன்றாக இருக்கிறது என்று உன் அம்மாவே சொன்னாள், முப்பத்தைந்து வருஷத்தில் அவள் என் குரலை நன்றாக இருக்கிறது என்று சொன்னது இதுதான் முதல் தடவை. சமையல்கட்டுச் சுவரில் முக்கியமான வார்த்தைகளைக் கரித்துண்டால் தமிழ் எழுத்தில் எழுதி வைத்திருக்கிறோம், வருகிறவர்கள் எல்லாம் மந்திரமா என்று கேட்கிறார்கள். தெருக்கோடியில் இர்ஃபானா என்று ஒரு நர்ஸ் பெண் குடிவந்திருக்கிறாள், தங்கமான பிள்ளை, அவளிடமும் பத்து வார்த்தை சொல்லிக்கொடுத்திருக்கிறேன். வலிக்குதா, எங்கே வலிக்குது, இது ரெண்டும் போதும் மாமா, மத்ததைக் கை காட்டும் என்றாள். காய்ச்சல் அளக்கிற கருவி வாங்கி வைத்தாயிற்று. பிள்ளை மூக்கை உறிஞ்சினாலே டாக்டர் வீட்டு வாசலில் நிற்பேன். பதினாலு பாடத்தில் பதிமூன்றுக்கு நட்சத்திரம் வாங்கியிருக்கிறேன் செம்மொழி. நான் படித்த காலத்தில் இவ்வளவு மார்க் வாங்கியிருந்தால் உன் தாத்தா என்னை நாற்று பறிக்க அனுப்பியிருக்க மாட்டார்.

அந்த ஒன்பதாம் பாடம் ஒன்று மட்டும் பாக்கி. உடம்புப் பாடத்தை மட்டும் ஏன்பா விட்டுட்டீங்க, எங்க கம்ப்யூட்டர்ல காலியா காட்டுதே என்று ஞாயிற்றுக்கிழமை கேட்டாய். நெட் வரலம்மா என்றேன். உன் அம்மா பக்கத்திலிருந்து என்னை ஒரு பார்வை பார்த்தாள், ஏனென்றால் அந்த நேரம் அதே நெட்டில்தான் அவள் சீரியல் ஓடிக்கொண்டிருந்தது.

வேறு விசேஷம் ஒன்றுமில்லை. உன் அம்மாவுக்கு முழங்கால் வலி பனிக்கு அதிகம், தைலம் தேய்த்துக்கொள்கிறாள், உனக்குச் சொல்லக் கூடாது என்று உத்தரவு. நீ ராப்பகலாகக் கம்ப்யூட்டரைப் பார்க்காதே, வாரம் ஒரு நாள் தலைக்கு எண்ணெய் வை. வடகத்தை ஈரம் படாத டப்பாவில் போடு, பிரித்ததும் ஒரு வெயில் காட்டு. மாப்பிள்ளைக்கு என் நமஸ்காரத்தையும், நண்டுக்கு என் ஆட்சேபணையையும் சொல். டிக்கெட் போடுவதற்கு முன்னால் ஒரு வார்த்தை சொல், பொங்கலுக்குப் பிறகு சம்பா அறுப்புக்கு மெஷின் சொல்ல வேண்டும், நீங்கள் வருகிற நாளில் நான் வயலில் நிற்கக் கூடாது. ஆற்றுத் தண்ணீர் மாதிரி குறையாமல், கரை உடையாமல், மூன்று பேரும் நல்லபடியாக இருங்கள்.

உன் அப்பா,
முருகையன்

கையெழுத்துப் போட்ட பிறகும் பேனாவை மூட மனசு வரவில்லை. பொட்டலத்தை உன் அம்மா இன்னும் கட்டவில்லை, பின்கட்டில் கன்றுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருக்கிறாள். அதற்குள் எழுதிவிடுகிறேன். நெட் வரவில்லை என்று நான் சொன்னது பொய். ஒன்பதாம் பாடத்தை மூன்று வாரம் முன்னாலேயே திறந்தேன். அதில் மட்டும் பொன்னி பேசியிருக்கா, கேட்டுப் பாருங்கப்பா என்று நீ சொல்லியிருந்தாய், ஆசையாகத்தான் திறந்தேன். முதல் படத்தில் ஒரு சின்னப் பெண் காதைக் கையால் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். தொட்டேன். தா தொலே மி ஒரேஹாஸ் என்றாள் பொன்னி. எனக்காக நீ தமிழில் சேர்த்த வரி கீழே வந்தது, எனக்குக் காது வலிக்கிறது என்று.

அது எனக்குப் புது வாக்கியம் இல்லை. போன பொங்கலுக்கு அந்த மூன்று நாளும் அவள் சொன்னது அதுதான். அதே குரல், அதே இழுப்பு. என் கையைப் பிடித்து இழுத்துத் தன் காதில் வைத்துக்கொண்டு சொன்னாள். நான் போன் விளையாட்டு என்று நினைத்தேன் செம்மொழி. நானும் என் காதில் கையை வைத்துக்கொண்டு, ஹலோ யாரு பேசுறது என்றேன். மறுபடியும் சொன்னாள். ராங் நம்பர் என்று சொல்லிவிட்டுச் சிரித்தேன். உன் அம்மாவும் சிரித்தாள். அவ எதுவுமே சொல்லலையாப்பா என்று நீ கேட்டாயே, சொன்னாள். விளங்கவில்லை என்றாவது உன்னிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவே இல்லை என்று பழியைப் பிள்ளைமேல் போட்டுவிட்டேன்.

இதைத் தெரிந்துகொண்டு டிக்கெட் போடுவதா வேண்டாமா என்று முடிவு பண்ணு. நீ எப்படி முடிவு பண்ணினாலும் அது சரி. என் பங்குக்கு, இனி அவள் எதைச் சொன்னாலும் எனக்குக் கேட்கும், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. அந்தப் பாடத்தில் பொன்னி சொல்வதை நாமும் திருப்பிச் சொன்னால்தான் நண்டு நட்சத்திரம் தரும். தினமும் திறக்கிறேன், அவள் சொல்கிறாள், நண்டு கொடுக்கைத் தூக்கிக்கொண்டு என் வாயைப் பார்க்கிறது, மூடி வைத்துவிடுகிறேன். வார்த்தை தெரியாமல் இல்லை. வாய்விட்டுச் சொல்ல வரவில்லை. எழுத வருகிறது. தா தொலே மி ஒரேஹாஸ்.